நடுகல் துறைகளும் நகரத் திறந்தவெளிச் சிற்பங்களும்: பெசன்ட் நகர் ஷ்மிட் நினைவுச்சின்னத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் கடற்கரைகளிலும் சாலைச் சந்திப்புகளிலும் நிற்கும் சிற்பங்கள் பெரும்பாலும் அரசியல் வரலாற்றின் துணைச் சான்றுகளாகவே அணுகப்பட்டுள்ளன. தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் நடுகல் துறைகள் ஆறனையும், சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகர மன்றங்களையும் அளவுகோலாகக் கொண்டு அவற்றை நோக்க இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையிலுள்ள ஷ்மிட் நினைவுச்சின்னம் முதன்மைச் சான்றாகவும், காமராசர் சாலைச் சிலைகள் ஒப்பீட்டுச் சான்றுகளாகவும் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நடுகல், சதுக்கம், பாவை மன்றம், பெரும்படை, கண்ணகி சிலை, ஷ்மிட் நினைவுச்சின்னம்.

சதுக்கத்தில் நின்ற முதல் உருவங்கள்

பொது இடத்தில் உருவம் நிறுத்துதல் ஐரோப்பியர் வழி வந்த வழக்கம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. குதிரைமேல் அமர்ந்த ஆளுநர், பீடத்தின்மேல் நிற்கும் அரசி ஆகிய வடிவங்களைப் பொறுத்தவரை அக்கருத்து சரியே. ஆயின் நகரின் நடுவே, நாற்றெருக்கூட்டில், கோயிலுக்கு வெளியே, நகரமாந்தர் அனைவர் கண்ணிலும் படுமாறு ஓர் உருவம் நிற்றல் என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரில் ஐவகை மன்றங்கள் இருந்தமையைக் கூறுகிறது. வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் நின்ற மன்றம், பூத சதுக்கம், பாவை மன்றம் என்பன அவை. இவற்றுள் ஒன்று வெட்டவெளி, ஒன்று நீர்நிலை, எஞ்சிய மூன்றும் கல்லோ உருவமோ நின்ற இடங்கள்.

இம்மூன்றனுள் பின்னிரண்டும் இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கன. சதுக்கத்துப் பூதம் பொய்க்கரி கூறுவோரையும் போலித் தவத்தோரையும் பிறர்மனை நயப்போரையும் தன் பாசத்தால் கட்டி உண்ணும் ஆற்றலுடையது. அதன் குரல் நகரெங்கும் கேட்கும். பாவை மன்றத்துப் பாவையோ வாய் திறவாது. அரசன் கோல் கோடினும் அறங்கூறவையம் ஒருபால் சாயினும் அது கண்ணீர் மட்டும் உகுக்கும். ஒன்று குடிகளைக் கண்காணிப்பது, மற்றொன்று அரசைக் கண்காணிப்பது. இரண்டுமே எவருடைய புகழையும் நினைவூட்ட நிறுத்தப்பட்டவை அல்ல என்பதே இங்கு முதன்மையான செய்தி. நகர மக்கள் சிலையைப் பார்த்தனர் என்பதைவிடச் சிலை நகர மக்களைப் பார்த்தது என்பதே இளங்கோவடிகள் காட்டும் நிலை. புகழ் நினைவூட்டும் கல்லுக்குத் தமிழில் வேறொரு மரபு உண்டு; அது நகரச் சதுக்கத்தில் தோன்றியதன்று. ஊர்ப்புறத்தில், வழியோரத்தில், வீரன் வீழ்ந்த இடத்தை ஒட்டி நின்ற நடுகல் அது.

ஆகவே இன்றைய சென்னையில் 'சிலை' என ஒரே சொல்லால் குறிக்கப்படும் பொருளுக்குப் பின்னே இரு வேறு மரபுகள் உள்ளன. 'சிலை' என்னும் சொல்லே முதற்கண் கல்லையும் வில்லையும் குறித்து நின்று, பின்னரே உருவத்தைக் குறிக்கலாயிற்று. உருவத்துக்குப் பாவை, படிமம் என்னும் சொற்கள் வழங்கின. நடுகல்லுக்கு உருவம் இன்றியமையாததன்று என்பதற்குத் தொல்லியலும் சான்று தருகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களில் வீரனின் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. அவற்றுள் ஒன்றில் 'ஆகோள்' என்னும் வெட்சித்திணைச் சொல் இடம்பெறுவது இலக்கணத்துக்கும் கல்வெட்டுக்கும் உள்ள உறவை உறுதிப்படுத்திய கண்டுபிடிப்பாகும். உருவம் செதுக்கிய நடுகற்கள் பல்லவர் காலத்தில் பெருகின. உருவமற்ற நினைவுக்கல்லே காலத்தால் முந்தியது எனின், இன்று உருவம் இல்லாத ஒரு நினைவுச்சின்னத்தைச் 'சிலை வரிசை'யிலிருந்து விலக்கி வைப்பதற்கு மரபு சார்ந்த காரணம் ஏதும் இல்லை.

எலியட்ஸ் கடற்கரையில் ஒரு நினைவுச்சின்னம்

பெசன்ட் நகரை ஒட்டிய கடற்கரை, சென்னையில் பணியாற்றிய எட்வர்ட் எலியட் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரால் வழங்குகிறது. ஆங்கிலேயர் ஆட்சியின்போது அது பெரும்பாலும் ஐரோப்பியர் கடலாடும் இடமாக இருந்தது. பின்னர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் எழுந்து, அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயர் அப்பகுதிக்கு அமைந்தது. வேளாங்கண்ணி மாதா ஆலயமும் அட்டலட்சுமி கோயிலும் 1970களில் தோன்றியவை. இவை அனைத்துக்கும் முன்பிருந்தே மணற்பரப்பில் தனித்து நிற்பது ஷ்மிட் நினைவுச்சின்னம்.

1930ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இக்கடலில் மூழ்கித் தத்தளித்தவர்களைக் காக்கச் சென்று உயிர்நீத்த டென்மார்க் நாட்டு மாலுமி ஷ்மிட்டின் நினைவாக அது எழுப்பப்பட்டது. வெண்ணிறச் சுவர், அதன் நடுவே வளைவுடைய திறப்பு, திறப்பின் வழியே தெரியும் கடல் என்பதே அதன் அமைப்பு. உருவம் இல்லை. நினைவுக்குரியவரின் முகம் எத்தகையது என அறிய அங்கு வருவோர்க்கு வழியில்லை. ஒரு வாயில் மட்டும் கடலை நோக்கித் திறந்து கிடக்கிறது. ஊர் முகப்பில் நிறுத்தும் தோரண வாயிலின் வடிவம் இது. ஆயின் இதன் வழியே நுழைவதற்கு ஊர் இல்லை, கடலே உண்டு. சிற்பம் என்பதற்கு வெளியும் ஒரு மூலப்பொருள் என்னும் இக்காலக் கலைக்கொள்கையைச் சிற்பி எவரும் வலியுறுத்தாமலே அக்கட்டுமானம் நிறைவேற்றியிருக்கிறது எனலாம்.

நினைவுச்சின்னம் எழுந்தமைக்கு நகரில் ஒரு வாய்மொழிக் கதை வழங்குகிறது. ஷ்மிட்டால் காப்பாற்றப்பட்ட ஆங்கிலப் பெண் அன்று மாலையே ஒரு விருந்தில் கலந்துகொண்டார் என்றும், தம்மைக் காத்தவரின் இறப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்றும், அதையறிந்து வெகுண்ட ஆளுநர் நினைவுச்சின்னம் எழுப்ப ஆணையிட்டார் என்றும் அக்கதை கூறும். இதனை வரலாறாகக் கொள்வதைவிட நினைவுச்சின்னம் பற்றி மக்கள் புனைந்துகொண்ட காரணமாகக் கொள்வதே பொருந்தும். அந்நோக்கில் இக்கதை மிகவும் மதிப்புடையது. மறதி என்னும் குற்றத்துக்கு எதிராக எழுந்த கல் என மக்கள் அதனைப் புரிந்துகொண்டுள்ளனர். ஏறத்தாழப் பாவை மன்றத்துப் பாவையின் பணியை அது ஏற்கிறது: வாய் திறவாமல் ஒரு கோட்டத்தைச் சுட்டுகிறது.

நகைமுரண் யாதெனில், மறதிக்கு எதிரான இக்கல்லின் தலைவரே மறக்கப்பட்டவர் ஆனார். அவர் பெயர் 'கார்ல்' என்றும் 'காய்' என்றும் வெவ்வேறாக எழுதப்படுகிறது. அவரை டென்மார்க்கினர் என்போரும் டச்சுக்காரர் என்போரும் உளர். தரங்கம்பாடியில் டேனியரையும் பழவேற்காட்டில் டச்சுக்காரரையும் நூற்றாண்டுக் கணக்கில் அருகிருந்து கண்ட ஒரு கடற்கரையில் இம்மயக்கம் நேர்ந்தது வியப்புக்குரியது. திரைப்படக் காட்சிகளின் பின்புலமாக இவ்வளைவைக் கண்டு அறிந்தவர்கள் ஏராளம். அது யாருக்காக எழுந்தது என்பதை அறிந்தவர் சிலரே.

ஆறு துறைகளின் அளவுகோல்

தொல்காப்பியர் நடுகல் பற்றிய துறைகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறாக வகுக்கிறார். கல்லைத் தேர்ந்து காணுதல், அதனைக் கைக்கொள்ளுதல், நீராட்டுதல், நடுதல், நட்ட கல்லுக்குச் சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என அவற்றைச் சுருங்கக் கூறலாம். சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தின் காதைத் தலைப்புகள் இத்துறைகளை அடியொற்றியவை என்பது அறிஞர் பலரும் சுட்டியதே. காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என ஐந்து தலைப்புகள் நேரே பொருந்துகின்றன. பெரும்படை தனித்தலைப்பாக இல்லை. வரந்தரு காதை இறுதியில் நிற்கிறது. வீரனுக்கு நட்ட கல்லின் இலக்கணம், கணவனை இழந்த ஒரு வணிகர் குடிப் பெண்ணின் படிமத்துக்கு மாற்றி அமைக்கப்பட்டது இக்காப்பியத்தின் துணிவான செயல்களுள் ஒன்று.

இவ்வாறு துறைகளில் ஒரு முக்கியமான பாகுபாடு உண்டு. முதல் நான்கும் ஒருமுறை நிகழ்ந்து முடிபவை. பெரும்படையும் வாழ்த்தும் அவ்வாறல்ல, தலைமுறைதோறும் தொடரவேண்டியவை. சங்கப் பாடல்கள் நடுகல்லைக் காட்டுமிடங்களில் பீலி சூட்டுதலும் மாலை அணிதலும் கள் படைத்தலும் இடம்பெறுவதைக் கருதுக. வழிச்செல்வோர் எழுத்துத் தேய்ந்த கல்லைக் கடந்து செல்லும் காட்சியும் அப்பாடல்களில் உண்டு. நடுதலோடு கல்லின் வாழ்வு முடிவதில்லை என்பதையும், படையல் நின்ற கல் வெறுங்கல்லாகிவிடும் என்பதையும் பழந்தமிழ்ப் புலவர் அறிந்திருந்தனர்.

இக்காலச் சிலைகளுக்கும் முதல் நான்கு துறைகள் வேறு பெயர்களில் உள்ளன. குழு அமைத்து மாதிரி தேர்தல் காட்சி. நிதி திரட்டி வார்ப்புக்கு ஒப்படைத்தல் கால்கோள். திறப்பு விழா நடுதல். நீர்ப்படைக்கு நிகரானது மட்டும் அரிது. ஐந்தாம், ஆறாம் துறைகளே சிக்கலுக்குரியவை. தமிழகத்தில் அவற்றைப் பெரும்பாலும் கட்சிகளும் சமூக அமைப்புகளும் மேற்கொண்டுள்ளன. பிறந்தநாளில் மாலை, நினைவுநாளில் ஊர்வலம் என அப்படையல் தவறாது நடைபெறுகிறது. அதன் மறுபுறமாக, உரிமை கொண்டாடும் குழு இருக்குமிடத்தில் எதிர்க்கும் குழுவும் இருக்கிறது. பல ஊர்களில் தலைவர்களின் சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் நிற்பது அதனால்தான். ஷ்மிட்டுக்குக் கூண்டு இல்லை. அவருக்குச் சாதி இல்லை, கட்சி இல்லை, வாக்கு இல்லை, மாலையிடுவோரும் இல்லை. கூண்டும் மாலையும் ஒன்றாகவே வருகின்றன, ஒன்றாகவே இல்லாமற்போகின்றன.

காமராசர் சாலையின் வரிசை

எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே மெரினாவை ஒட்டிய காமராசர் சாலையில் நிற்கும் சிலைகள் இதற்கு நேர்மாறான நிலையைக் காட்டுகின்றன. 1959இல் நிறுவப்பட்ட 'உழைப்பாளர் சிலை' இவ்வரிசையில் கலைநயத்தால் தலைசிறந்தது. சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பு அது. நான்கு ஆண்கள் பாறையொன்றை நெம்பிப் பெயர்க்கும் காட்சியில் தசைகளின் முறுக்கமும் சாய்ந்த உடல்களின் கோடுகளும் பாறையை நோக்கியே குவிகின்றன. அவர்களுக்குப் பெயர் இல்லை. சிங்காரவேலர் 1923இல் மே நாள் கொண்டாடிய கடற்கரையில் பெயரற்ற உழைப்பாளர் நிற்பது பொருத்தமே. காந்தியடிகளின் சிலையும் அதே ஆண்டில் அதே சிற்பியின் கையால் அங்கு நின்றது. இரண்டையும் ஒப்பிடுவோர் பெயருள்ள சிலையைவிடப் பெயரற்ற சிலையிலேயே சிற்பி கூடுதல் உரிமை எடுத்துக்கொண்டதை உணர்வர். அறியப்பட்ட முகம் சிற்பியைக் கட்டுப்படுத்துகிறது. அறியப்படாத உடல் விடுவிக்கிறது.

1968ஆம் ஆண்டு சனவரியில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, திருவள்ளுவர், ஔவையார், கம்பர், வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு. போப், வ.உ.சி., பாரதியார், பாரதிதாசன், கண்ணகி ஆகிய பத்துச் சிலைகள் நிறுவப்பட்டன. இலக்கிய வரலாறு ஒன்றைச் சாலையோரமாக எழுதிய முயற்சி இது. வெண்கலத்தில் ஒரு பாடத்திட்டம் எனினும் தகும். இப்பதின்மருள் ஒன்பதின்மர் எழுதியவர்கள், ஒருவர் எழுதப்பட்டவர். காப்பிய மாந்தர் ஒருவரைப் புலவர் வரிசையில் நிறுத்தியதன் வழி, கண்ணகி நூலின் பாத்திரம் என்னும் நிலையைக் கடந்து மொழியின் உருவகம் ஆக்கப்பட்டாள். சிலம்பேந்தி உயர்ந்த கையோடு அவள் நிற்கும் நிலை வழக்குரை காதையின் கண்ணகி. வஞ்சிக் காண்டத்தின் கடவுட்கண்ணகி அல்லள். சேரன் வழிபடக் கல் எடுத்தது தெய்வத்துக்கு. மாநாட்டார் வார்த்தது அரசனை நோக்கி நீதி கேட்ட குடிமகளுக்கு. இவ்வேறுபாடு பெரிதும் பேசப்படவில்லை.

இவ்வரிசையின் சிலைகள் கடலுக்கு முதுகு காட்டிச் சாலையை நோக்கி நிற்கின்றன. ஊர்தியில் செல்வோருக்காக அமைந்த காட்சி அது. பெசன்ட் நகர் வளைவோ நடந்து வருவோர்க்கு மட்டும் உரியது. அதன் நோக்கு கடலிலேயே முடிகிறது.

பெயர்த்தல்: இலக்கணம் கூறாத துறை

கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது. லாரி மோதிப் பீடம் பழுதுற்றது என்பது கூறப்பட்ட காரணம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த சிலை, ஆட்சி மாறிய பின் 2006 சூனில் மீண்டும் பழைய இடத்தில் நிறுவப்பட்டது. நடுவே நிகழ்ந்த போராட்டங்களும் எழுத்துகளும் சிலையின் வெறுமையே சிலையைவிட வலிமையுடன் பேசிய காலத்தைக் காட்டின. 2006 சூலையில் அதே சாலையில் திறக்கப்பட்ட நடிகர் சிவாஜி கணேசனின் சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்னும் வழக்கில் உயர்நீதிமன்றம் தந்த ஆணைப்படி 2017 ஆகத்தில் பெயர்க்கப்பட்டு அடையாற்றிலுள்ள அவரது மணிமண்டபத்தில் சேர்க்கப்பட்டது. இவற்றுக்கு முன்னோடி நீல் சிலை. 1857 எழுச்சியை ஒடுக்கியதில் கொடுமைக்குப் பெயர்பெற்ற அப்படைத்தலைவனின் சிலையை அகற்றக் கோரி 1927இல் அறப்போர் நடந்தது. 1937இல் இராசாசி அமைச்சரவை அதனை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அதேவேளையில் தீவுத்திடலுக்கருகே 1839இல் நின்ற தாமஸ் மன்றோவின் குதிரைச்சிலை, சேணமும் அங்கவடியும் இல்லாத வடிவோடு, இன்றும் எவ்வித எதிர்ப்பும் இன்றி நிற்கிறது. அயலார் என்பதால் மட்டும் சிலை பெயர்க்கப்படுவதில்லை.

நடுகல் இலக்கணத்தில் பெயர்த்தலுக்குத் துறை இல்லை. வீரன் வீழ்ந்த இடத்தோடு கல் பிணைந்திருப்பதால் அதற்கு இடம் வேறு, பொருள் வேறு அல்ல. சதுக்கத்து உருவங்களின் நிலை அன்னதன்று. புகார்ச் சதுக்கத்துப் பூதத்தைச் சேர மன்னன் வஞ்சிக்குக் கொணர்ந்து நிறுவிய செய்தியைச் சிலப்பதிகாரமும் பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்துப் பதிகமும் குறிக்கின்றன. அதிகாரம் உள்ளவர் சதுக்கத்து உருவைப் பெயர்க்கலாம் என்பதற்கு அதுவே பழைய சான்று. இவ்விரு மரபுகளையும் பிரித்தறிந்தால் இன்றைய வழக்குகள் சிலவும் தெளிவுபெறும். பொதுச்சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை நிறுவ இசைவு அளிக்கக் கூடாது என உச்சநீதிமன்றம் 2013 சனவரியில் பிறப்பித்த ஆணை எல்லாச் சிலைகளையும் சதுக்கத்து உருவங்களாகவே கொள்கிறது. சாலைக்கும் சிலைக்கும் இடையேயான போட்டியில் அது சரியான நிலைப்பாடே. ஆயின் இடத்தோடு பிணைந்த நினைவுக்கல்லைப் பெயர்த்து மண்டபத்தில் வைத்தால் எஞ்சுவது கல் மட்டுமே. சிவாஜி சிலையை அடையாற்றுக்கு மாற்றியதால் பொருள் குன்றவில்லை. ஷ்மிட் நினைவுச்சின்னத்தை அடையாற்றுக்கு மாற்றினால் அதன் திறப்பின் வழியே தெரிவது ஒரு மதிற்சுவராக இருக்கும்.

உருவமற்ற சிற்பத்தின் வறுமை

நகரத்தின் திறந்தவெளிகளில் உருவச்சிலைகளே நிறைந்திருப்பதற்குச் சிற்பிகள் இல்லாமை காரணமன்று. பெசன்ட் நகருக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் தோன்றிய சோழமண்டல ஓவியர் கிராமம் இந்தியாவின் குறிப்பிடத்தக்க நவீனச் சிற்பக் களங்களுள் ஒன்று. தகட்டு உலோகத்தில் முகப்பு நோக்கிய வடிவங்களைப் படைத்த பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் ஆகியோரும், ராய் சௌத்ரியின் மாணவராகி ஔவையை வெண்கலத்தில் புதிதாகக் கண்ட எஸ். தனபாலும் சென்னை மரபினரே. இவர்களின் மொழி கலைக்கூடங்களில் ஏற்கப்பட்ட அளவுக்குச் சந்திப்புகளில் ஏற்கப்படவில்லை. திறந்தவெளிச் சிற்பத்துக்கு ஆணையிடுவோர் அடையாளம் காணத்தக்க முகத்தையே வேண்டுகின்றனர். 2021இல் மெரினாவில் அமைக்கப்பட்ட 'நம்ம சென்னை' என்னும் எழுத்துருச் சிற்பம் இதற்கு ஒரு விலக்கு. தன்னைத் தானே படம்பிடித்துக்கொள்வோர்க்குப் பின்புலமாவதே அதன் பணி. புகார்ப் பாவை பார்த்தது. மெரினாத் தலைவர்கள் பார்க்கப்பட்டனர். இவ்வெழுத்துகள் முன் நிற்போர் தம்மையே பார்க்கின்றனர்.

ஊர் முகப்புச் சிற்பத்துக்கும் தமிழில் உருவமரபு வலுவானதே. வேளார் செய்த சுடுமண் குதிரைகள் அய்யனார் கோயில்களில் வரிசையாக நின்று ஊரெல்லையைக் காட்டுகின்றன. அவை மழையில் கரைந்து சிதைவதும் புதியவை நேர்ந்து வைக்கப்படுவதும் அம்மரபுக்குள் அடக்கம். நிலைபேறு அங்குப் பொருளில் இல்லை, மீண்டும் செய்தலில் உள்ளது. நகரச் சிலைகளைப் பேணுவோர் கருதவேண்டிய செய்தி இது.

படையலாகப் பேணுதல்

கடற்கரைச் சிற்பத்தின் முதற்பகை உப்பு. காற்றில் வரும் உப்பு சுவரின் நுண்துளைகளில் புகுந்து, ஈரம் உலரும்போது படிகமாகி, பூச்சை உள்ளிருந்து பிளக்கிறது. வெண்கலத்தின் மேல் அதே உப்பிலுள்ள குளோரைடு பச்சை நிறப் புள்ளிகளாக அரிக்கிறது. சுவரின்மேல் மூச்சுவிடாத எண்ணெய் வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசுவது ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கேட்டை விரைவுபடுத்தும். சுண்ணச்சாந்தும் சுண்ணாம்பு வெள்ளையும் அவ்வாறு அடைப்பதில்லை, ஆனால் ஆண்டுதோறும் பூசவேண்டியவை. ஆண்டுதோறும் என்பதே இங்குக் குறை எனக் கருதப்படுகிறது. பெரும்படைத் துறையின் நோக்கில் அதுவே தகுதி. ஷ்மிட் நினைவுச்சின்னம் நெடுங்காலம் சிதைந்து கிடந்து, சென்னை மாநகராட்சியால் சீரமைக்கப்பட்டது. சீரமைப்பு மீண்டும் நடுதல் ஆகும்; பெரும்படை ஆகாது.

அதற்குரியோர் அருகிலேயே உள்ளனர். கடற்கரையின் வடபால் உள்ள ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களே இக்கடலின் இழுப்பைத் தலைமுறையாக அறிந்தவர்கள். மூழ்குவோரைக் கரைசேர்க்க முதலில் பாயும் கைகள் அவர்களுடையவை. அவ்வாறு பாய்ந்து மீளாதவர்க்கு இக்கரையில் கல் இல்லை. ஷ்மிட்டுக்கு எழுந்த வளைவு ஒருவருக்கு மட்டும் உரியதா, அச்செயலுக்கு உரியதா என்னும் கேள்வி இங்கு எழுகிறது. நடுகல் மரபு செயலையே முதன்மையாகக் கொண்டது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல், கருந்தேவகத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் அவன் நாயையும் பெயர் சொல்லிப் பொறித்துள்ளது. செயல் புரிந்தது நாயாயினும் பெயர் விடுபடவில்லை.

ஷ்மிட் நினைவுச்சின்னத்தின் மூலப்பொறிப்பு ஆங்கிலத்தில் அமைந்தது. பெயர், இறந்த நாள், இடம், இறந்த வகை என அதில் அடங்கும் செய்திகளின் நிரல் பல்லவர் கால நடுகற்களின் நிரலோடு ஏறக்குறைய ஒத்திருக்கிறது. மன்னனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர், அவன் செயல், இறுதியில் 'பட்டான் கல்' என முடிவது அக்கற்களின் வாய்பாடு. ஆட்சியாண்டுக்கு ஈடாக 1930ஐயும், ஆகோளுக்கு ஈடாகக் கடலில் மூழ்கியவரைக் காத்தலையும் வைத்தால், அந்நினைவுச்சின்னத்துக்குத் தேவையான தமிழ்ப் பொறிப்பு அவ்வாய்பாட்டிலேயே அமைந்துவிடும்.